சந்தேகத்தின் சான்றாவணங்கள்

1992-ல் சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது நான் முதன்முதலாகப் பிரித்த விவாகரத்துக் கட்டில் மூன்று சான்றுகள் இருந்தன: ஒரு மொட்டைக் கடுதாசி, பழனியில் ஒரு லாட்ஜ் ரசீது, ஒரு சினிமா டிக்கெட்டின் பாதி. கடுதாசி போஸ்ட் கார்டில் வந்திருந்தது. எழுதியவருக்கு இன்லேண்ட் லெட்டர் வாங்கக் காசில்லாமல் இல்லை. தபால்காரரும் படிக்கட்டும், எதிர்வீட்டுக்காரியும் படிக்கட்டும் என்றுதான் கார்டில் எழுதியிருந்தார். இடது கையால் எழுதிய கோணல் எழுத்தில் ஒரே வரி: "செவ்வாக்கிழமை சாயங்காலம் எங்க போறான்னு உன் புருசனைக் கேளு."

அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். அன்று ராத்திரியே, கார்டைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டி, தெருவுக்கே காது கேட்கும்படி கேட்டிருக்கிறார். வழக்கு அங்கிருந்துதான் தொடங்கியது.

போன மாதம் ஓர் இளைஞர் என் ஆபீசுக்கு வந்தார். அவருடைய சான்று ஒரு பென்டிரைவில் இருந்தது. மனைவியின் 14 மாத வாட்ஸ்அப் உரையாடல்களை எக்செல்லில் வரிசைப்படுத்தி, தேதி, நேரம், யாருடன், எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டி, சந்தேகத்தின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணமும் பூசியிருந்தார். அவரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த இரண்டு பேருக்கும் இடையில் முப்பது வருடத்துக்கும் மேல் மதுரையில் குடும்ப வழக்குகள் நடத்தியிருக்கிறேன். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் எப்படி வேவு பார்த்தார்கள் என்பதற்கு என் அலமாரிக் கட்டுகளே ஒரு சரித்திரம். இங்கே வருகிற கட்சிக்காரர்களின் ஊர், தொழில், உறவுமுறைகளை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

அன்று சந்தேகம் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும். சலவைக்குப் போடுகிற சட்டைப் பையைத் துழாவினால் பஸ் டிக்கெட் கிடைக்கும். பூக்காரி, "நேத்து ரெண்டு முழம் வாங்கினாரே அண்ணன், வீட்டுக்கு வரலையா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டுப் போவாள். மைத்துனர் ஒருவர் வெளியூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொல்வார். லேண்ட்லைன் வந்த வீடுகளில் 'பிளாங்க் கால்' என்று ஒன்று உண்டு. மனைவி எடுத்தால் பேச்சே இருக்காது, வைத்துவிடுவார்கள். கணவர் எடுத்தால் மட்டும், "ஆமா சார், சரி சார், நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று ஒரு 'சாரோடு' பேசுவார். உள்ளறையில் பேரலல் கனெக்‌ஷன் வைத்திருந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு ரிசீவரைத் தூக்கலாம். ஆனால் தூக்குகிற 'க்ளிக்' எதிராளிக்கும் கேட்கும். மனைவி யாருடனும் பேசிவிடக் கூடாது என்று போனின் டயலில் குட்டிப் பூட்டுப் போட்டு, சாவியைப் பூணூலில் கோத்துக்கொண்ட ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

இதிலெல்லாம் பொதுவாக ஒன்று இருந்தது. வேவு பார்ப்பதற்குப் பல பேருடைய கை தேவைப்பட்டது. அத்தனை கையும் தெரிந்த கை. பார்த்தவர் யார், சொன்னவர் யார், ஏன் சொன்னார் என்று திருப்பிக் கேட்க முடியும். 'பூக்காரிக்கு உன் மேல கடன் பாக்கி, அதான் வத்தி வைக்கிறா' என்று கணவர் தப்பித்துக்கொள்ளவும் முடியும். பாதிச் சந்தேகங்கள் அப்படியே தேய்ந்து போயின. அவை பொய்யென்று நிரூபணம் ஆகவில்லை. யாருக்கும் மேற்கொண்டு துருவ வழியில்லை, அவ்வளவுதான்.

துருவ வழியில்லாததால் கேட்டார்கள். அழுதுகொண்டு, சட்டியைப் போட்டு உடைத்துக்கொண்டு, பிறந்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டு கேட்டார்கள். தாய்மாமன் வருவார், பெரியப்பா வருவார், திண்ணையில் பஞ்சாயத்து நடக்கும். நம் பழைய இலக்கியம் இதற்கென்றே ஒரு திணையை ஒதுக்கியிருக்கிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிடம் போய்விட்டு வருகிற தலைவனுக்காகப் பாணன் வாசலில் நின்று பரிந்து பேசுவதும், உள்ளே விட முடியாது என்று தோழி வாயில் மறுப்பதும் அங்கே திரும்பத் திரும்ப வருகிற காட்சிகள். வீட்டுக்காரி சான்று திரட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கோபப்பட்டாள். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லித்தான் அவன் உள்ளே வர வேண்டியிருந்தது.

அந்தக் காலம் நல்ல காலம் என்று நான் சொல்ல வரவில்லை. மனைவி கேட்டால் அது ஊடல். கணவன் கேட்டால் அது பெரும்பாலும் அடி. கடைக்காரரிடம் சில்லறை வாங்கும்போது சிரித்தாள் என்பதற்காகச் சூடு வாங்கிய பெண்ணின் கையை நான் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்கு வரும் கடிதத்தை மாமியார் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். அதை யாரும் வேவு என்று சொன்னதில்லை, வளர்ப்பு என்றார்கள். ஸ்டவ் வெடித்ததாக எழுதப்பட்ட மரண வாக்குமூலங்களுக்குப் பின்னால் எத்தனை சந்தேகங்கள் இருந்தன என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அன்றைய கண்காணிப்பு பெரும்பாலும் பெண் மேல்தான் இருந்தது. கணவர்களுக்கு அதற்கென்று கருவி எதுவும் தேவைப்படவில்லை, வீடே கருவியாக இருந்தது.

சட்டமும் அவர்கள் பக்கம்தான் சாய்ந்திருந்தது. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவின்படி, தன் மனைவியோடு உறவு வைத்துக்கொண்ட ஆண் மேல் கணவன் கிரிமினல் வழக்குப் போடலாம், ஐந்து வருடம் வரை சிறை. கணவன் வழி தவறினால் மனைவி அந்தப் பிரிவில் ஒன்றும் செய்ய முடியாது. அவள் புகார் கொடுக்கத் தகுதியுள்ள ஆளே இல்லை. கிறிஸ்தவப் பெண்களுக்கு இன்னும் மோசம். 1869-ம் வருடத்துச் சட்டப்படி, மனைவியின் பிறழுறவு ஒன்றே கணவன் விவாகரத்து வாங்கப் போதும். மனைவி கேட்டால், பிறழுறவோடு கொடுமையோ கைவிடுதலோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 2001-ல்தான் அதைத் திருத்தினார்கள்.

கோர்ட்டில் நிரூபிப்பது என்பது அன்று பெரும்பாடு. 'பிறழுறவுக்குக் கண்கண்ட சாட்சி கிடைக்காது, வாய்ப்பும் இருந்தது, விருப்பமும் இருந்தது என்று காட்டினால் மீதியை ஜட்ஜ் ஊகித்துக்கொள்வார்' என்று சீனியர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். லாட்ஜ் மேனேஜரைச் சம்மன் அனுப்பிக் கூப்பிடுவோம், அவர் ரிஜிஸ்டரோடு வந்து கூண்டில் ஏறி, "நிறைய பேர் வர்றாங்க சார், ஞாபகமில்ல" என்பார். அந்தப் பழனி ரசீது வழக்கிலும் அதுதான் நடந்தது. விவாகரத்து கிடைக்கவில்லை. அந்த அம்மாளும் அவரும் மேலும் இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். சந்தோஷமாக வாழ்ந்தார்களா என்று நான் கேட்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்தது.

2000-ஐ ஒட்டிய வருடங்களை நினைத்துப் பாருங்கள். ஹாலில் டிவிக்குப் பக்கத்தில், துணி உறை போட்டு, சந்தனப் பொட்டு வைத்து ஒரு பெட்டி. இன்டர்நெட்டில் இருந்தால் போன் என்கேஜ்டாக இருக்கும். எல்லோரும் தூங்கிய பிறகு மோடம் கத்துகிற சத்தம் மட்டும் கேட்கும். பகலில் பிள்ளைகளுக்கு, ராத்திரி வீட்டுக்காரருக்கு. யாஹூ மெசஞ்சரில் அறை அறையாக அந்நியர்கள் இருந்தார்கள். வீட்டை விட்டு வெளியே போகாமல், பஸ் டிக்கெட் வாங்காமல், மல்லிகைப் பூ வாசம் எதையும் சட்டையில் சுமந்து வராமல் ஒருவர் வேறொருவரோடு இருந்துவிட முடியும் என்பது அப்போதுதான் சாத்தியமாயிற்று. துழாவச் சட்டைப் பை இல்லை. அதனால் பெட்டியைத் துழாவத் தொடங்கினார்கள்.

2006-ல் வந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியாது. பள்ளி ஆசிரியை. அவருடைய சித்தி மகன் கம்ப்யூட்டர் படித்தவன். கட்டைவிரல் அளவுக்கு ஒரு சின்னக் கருவியை வாங்கிவந்து, கீபோர்டு ஒயர் சிபியு-வின் முதுகில் செருகுகிற இடத்தில் நடுவே மாட்டிக்கொடுத்திருக்கிறான். ஒட்டடை அடிக்கக்கூட யாரும் கை விடாத இடம். கீபோர்டில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். கீலாகர் என்பது அதன் பெயர். ஒரு மாதம் கழித்துக் கழற்றி, அதில் இருந்ததைப் பிரின்ட் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, 212 பக்கம் என் மேஜையில் வைத்தார்.

படிப்பது எளிதாக இல்லை. இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். எதிராளி சொன்னது ஒன்றும் இல்லை, கணவர் அடித்தது மட்டும். ஆபீஸ் கடிதம், பையனின் பரீட்சை ரிசல்ட் பார்க்க அடித்த நம்பர், மாமனாருக்குச் சர்க்கரை வியாதி என்பதால் தேடிய மருந்துப் பெயர்கள், இவற்றுக்கு நடுநடுவே அந்தப் பேச்சு. ஆமாம், அந்த ஆசிரியை தேடியது அதில் இருந்தது. சந்தேகம் உண்மைதான்.

ஆனால் கீலாகர் அனுப்பியதை மட்டும் எழுதி வைப்பதில்லை, அழித்ததையும் எழுதி வைக்கும். ஒரு பக்கத்தின் மூலையை மடித்துக்கொண்டு வந்திருந்தார். அதில் கணவர் அடித்திருந்தது: "என் வொய்ஃப் ரொம்ப நல்லவ, அவளுக்கு நான் பண்றது." அதற்கு அப்புறம் வரிசையாக பேக்ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ் என்று இரண்டு வரி நிறைய. அத்தனையும் அழித்துவிட்டுப் புதிதாக அடித்து அனுப்பியது: "வீட்ல எப்பவும் சண்டதான்."

"மேடம், அடிச்சிட்டு அழிச்சிருக்காரே, இது கணக்குல வருமா, வராதா?" என்று கேட்டார்.

சட்டத்தில் பதில் இருக்கிறதா என்று யோசித்தேன். அவர் சட்டத்தைக் கேட்கவில்லை என்று புரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். கணவரிடம் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. ஒரு மாதமாக அவருக்குச் சோறு போட்டுக்கொண்டு, துணி மடித்து வைத்துக்கொண்டு, ராத்திரி பக்கத்து அறையில் கீபோர்டு சத்தத்தை எண்ணிக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். என் நினைவில், கேட்பதற்கு முன்னால் முழுச் சான்றையும் திரட்டிக்கொண்டு வந்த முதல் கட்சிக்காரர் அவர்தான். அதில் அவர் எதைத் தொலைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அழித்த அந்த வரியை, கேட்டிருந்தால், கணவர் வாயிலிருந்தே கேட்டிருக்கக்கூடும். இப்போது அவர் சொன்னாலும் நம்ப முடியாது. சொல்லாமலே தெரிந்துகொண்டதைச் சொல்லவைக்க வழியே இல்லாமல் போயிற்று.

அந்த 212 பக்கத்தை நாங்கள் கோர்ட்டில் மார்க் செய்யவே இல்லை. சாட்சியச் சட்டத்தில் 65பி என்று ஒரு பிரிவு 2000-ல் சேர்ந்திருந்தது. மின்னணுச் சான்று என்றால் அது எந்தக் கருவியில் எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு சான்றிதழ் வேண்டும். அப்போதைக்குக் கோர்ட்டுகள் அதில் கறாராக இல்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் கறாராக்கியது. எங்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. இருவரும் சம்மதத்தோடு பிரிந்தார்கள். கட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இன்னும் என் பரணில் இருக்கிறது.

இன்றைக்கு ஹாலில் பெட்டி இல்லை. பெட்டி ஆளுக்கொன்றாகத் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதைத் திறக்கச் சித்தி மகன் வர வேண்டியதில்லை. தூங்குகிற கணவனின் கட்டைவிரலை மெல்ல எடுத்து வைத்தால் திறந்துகொள்கிறது. மனைவி குளிக்கப் போன நான்கு நிமிடத்தில் அவள் வாட்ஸ்அப்பைத் தன் லேப்டாப்பில் இணைத்துக்கொண்டால், அதன்பின் அவளுக்கு வருவதெல்லாம் அவனுக்கும் வரும். 'லிங்க்டு டிவைசஸ்' என்று ஒரு பட்டியல் அவள் போனிலேயே இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். என்னிடம் வருகிற பெண்களில் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பதால், முதல் சந்திப்பிலேயே போனை எடுக்கச் சொல்லி நானே காட்டிக்கொடுக்கிறேன்.

சில சமயம் யாரும் வேவு பார்க்கவே வேண்டாம், வீடே காட்டிக்கொடுக்கும். ஃபாஸ்டேக் கணவர் எண்ணில் பதிவாகியிருக்கும். மனைவி காரை எடுத்துக்கொண்டு கப்பலூர் சுங்கச்சாவடியைக் கடந்தால் பணம் பிடித்த செய்தி அவர் சட்டைப் பையில் வந்து விழும். குடும்பத்துக்கே ஒரு ஜிமெயில் என்றால், அவர் எடுத்த போட்டோ அவள் போனில் வந்து நிற்கும். ஜிபே-யில் யாருக்கு எவ்வளவு என்று வரிசையாக இருக்கும். அந்தக் காலத்துப் பூக்காரி, மைத்துனர், தபால்காரர் எல்லோருடைய வேலையையும் இவை சம்பளமில்லாமல் செய்கின்றன. ஒரு வித்தியாசம், இவற்றை யாரும் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. மெஷின் பொய் சொல்லாது என்கிறார்கள். பொய் சொல்லாதுதான். ஆனால் கப்பலூரைத் தாண்டி அவள் போனது திருமங்கலத்தில் புற்றுநோயில் கிடக்கிற பழைய சிநேகிதியைப் பார்க்க என்றும் அது சொல்லாது.

இதற்கென்றே விற்கிற ஒற்றுச் செயலிகளும் உண்டு. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று விளம்பரம் செய்வார்கள், வாங்குவது கணவனும் மனைவியும். போனில் ஏற்றிவிட்டால் ஐகான் தெரியாது. அழைப்பு, செய்தி, இருக்குமிடம் எல்லாம் போகும். எங்கே போகும் என்று யாரும் யோசிப்பதில்லை. உங்கள் போனுக்கு மட்டும் வருவதில்லை அது, எந்த நாட்டிலோ இருக்கிற கம்பெனியின் சர்வரில் போய்த் தங்கி, அங்கிருந்துதான் உங்களுக்கு வருகிறது. எம்ஸ்பை என்ற அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்திடம் இருந்தவை 2015-ல் திருடப்பட்டு வெளியே கொட்டின. 2021-ல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் ஸ்பைஃபோன் என்ற நிறுவனம் இந்தத் தொழிலே செய்யக் கூடாது என்று தடை போட்டது. தன் மனைவியின் அந்தரங்கத்தை இன்னொருவன் பார்த்திருப்பானோ என்ற பயத்தில் அவளுடைய அந்தரங்கம் முழுவதையும் முகம் தெரியாத ஆட்களிடம் ஒப்படைக்கிறார்கள். இதைச் சொன்னால் ஆண்கள் முகம் மாறுகிறது. அதுவரைக்கும் அவர்களுக்கு அது தோன்றியிருக்காது.

ஐந்தாறு வருடத்துக்கு முன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கணவர் குவைத்தில். ஊரில் திருட்டு பயம் என்று கணவர் ஹாலில் ஒரு கேமரா மாட்டச் சொன்னார். பிறகு அடுப்படி வாசலைப் பார்க்க இன்னொன்று. குவைத்திலிருந்து போனில் பார்க்கலாம், பேசவும் செய்யலாம், கேமராவிலேயே ஸ்பீக்கர் இருந்தது. ஒரு மத்தியானம் மின்கணக்கு எடுக்க வந்தவர் வாசலில் நின்று அட்டையைக் கேட்டிருக்கிறார். எடுத்துக் கொடுப்பதற்குள் சுவரிலிருந்து குரல்: "யாருடி அது?" வந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, அட்டையில் எழுதாமலே போய்விட்டார்.

"அன்னைக்கு அந்தக் கேமரா மேல துண்டைப் போட்டேன் மேடம். அஞ்சு நிமிசத்துல மாமியா வந்துட்டாக" என்றார். "வீட்டுல நான் ஒருத்திதான். ஆனா ஒருநா கூட தனியா இருந்ததில்ல."

அவருக்கு விவாகரத்து வேண்டாம். கேமராவை எடுக்கச் சொன்னால் போதும். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அடி மட்டும் வன்முறை இல்லை, மனத்தைத் துன்புறுத்துவதும் சேரும். அதன்கீழ் மனுப் போட்டோம். சமரசப் பேச்சுக்குக் கணவர் வீடியோ காலில் வந்தார். "தப்புப் பண்ணலைன்னா எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டார். எல்லாக் கணவர்களும் கேட்கிற கேள்வி. சமரசம் செய்தவர் அனுபவசாலி. "உங்க ரூம்ல ஒரு கேமரா வச்சு இவங்க பாத்தா சரிதானா தம்பி?" என்றார். "என் ரூம்ல ஏழு பேரு இருக்கோம் சார்" என்று சொல்லி, போனைத் திருப்பி அடுக்குக் கட்டில்களைக் காட்டினார் அவர். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு லுங்கி திரையாகத் தொங்கியது. இந்தப் பக்கம் அவர் மனைவி அதை முதல் தடவையாகப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அவர் அந்த அறையை ஒருநாளும் காட்டியதில்லை. ஹால் கேமராவும் அடுப்படிக் கேமராவும் இறங்கின. கேட்டில் ஒன்று இருக்கட்டும் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

சட்டம் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்பவர்களுக்கு: 497 போய்விட்டது. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பிறழுறவு இன்று குற்றமில்லை, ஆனால் விவாகரத்துக்குக் காரணம்தான். ஜீவனாம்ச வழக்கிலும் அது உயிரோடு இருக்கிறது. பிறழுறவில் வாழ்கிற மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்ற விதி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-லிருந்து அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 144-க்கு அப்படியே வந்திருக்கிறது. 'வாழ்கிற' என்றால் தொடர்ந்து வாழ்வது, ஒருநாள் தவறு அதில் வராது என்றுதான் கோர்ட்டுகள் சொல்லி வந்திருக்கின்றன. கணவர்கள் அந்த வித்தியாசத்தைக் கேட்பதே இல்லை. பென்டிரைவோடு வருகிறவர்களில் பலருக்கு உண்மையான நோக்கம் மாதாமாதம் கட்ட வேண்டிய தொகை. துரோகம் பொறுக்கவில்லை என்று கண்ணீரோடு தொடங்கி, ஜீவனாம்சம் எவ்வளவு குறையும் என்று முடிக்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

வேவு பார்த்து எடுத்த சான்று செல்லுமா? 2017-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். 2024 அக்டோபரில் எங்கள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலேயே, பரமக்குடியிலிருந்து வந்த வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் அவருடைய போன் அழைப்பு விவரங்களை எடுத்துக் கொடுத்த கணவரின் சான்றை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தள்ளுபடி செய்தார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் உளவு பார்ப்பதைச் சட்டம் ஊக்குவிக்க முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த ஜூலையில், 2025-ல், பஞ்சாபின் பட்டிண்டாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த அவர்களுடைய பேச்சை விவாகரத்து வழக்கில் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டது என்றால், அதுவே அந்தத் திருமணம் முறிந்துபோனதற்கு அடையாளம் என்பது அந்த அமர்வின் எண்ணம்.

அந்தத் தீர்ப்பு வந்த வாரத்தில் மட்டும் எனக்கு ஏழெட்டு போன். 'இனிமே ரெக்கார்டு பண்ணலாம்ல மேடம்?' நான் அதை அப்படிப் படிக்கவில்லை. அது கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதைப் பற்றியது. மனைவியின் போனுக்குள் செயலியை ஏற்றி, அவள் அண்ணனோடும் தோழியோடும் பேசுவதை ஒட்டுக்கேட்க அது அனுமதிச் சீட்டு இல்லை. அடுத்தவர் கருவிக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் மூன்று வருடம் வரை தண்டனைக்குரிய குற்றம். ஒரு பெண்ணின் இன்டர்நெட்டையும் மெயிலையும் ஓர் ஆண் கண்காணிப்பது 2013-லிருந்தே பழைய தண்டனைச் சட்டத்தில் குற்றமாக இருந்தது, இப்போது அதற்குப் பதிலாக வந்த நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவு. அதில் 'கணவன் நீங்கலாக' என்று எங்கும் எழுதவில்லை.

வேவு பார்த்தவர்கள் நிம்மதியடைந்து நான் பார்த்ததில்லை. ஒன்றும் கிடைக்காவிட்டால், நன்றாக மறைக்கிறாள் என்கிறார்கள். கிடைத்துவிட்டால், இதற்கு முன்னாலும் இருந்திருக்கும் என்று பின்னோக்கித் தேடப் போகிறார்கள். லாட்ஜ் ரசீதுக்கு ஒரு முடிவு இருந்தது, அது ஒரே தாள். போனுக்கு முடிவில்லை.

அந்த எக்செல் தம்பிக்கு வருகிறேன். முப்பத்தொரு வயது. ஐடி வேலை. மரியாதையான பையன், காலணியை வெளியே விட்டுவிட்டு வந்தார். சிவப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். பழைய காலேஜ் நண்பன் ஒருவனோடு மனைவி ராத்திரி பத்தரைக்கு மேல் பேசியவை. நான் படித்த வரையில் பாதி சினிமா, பாதி மாமியார் புலம்பல். நடுவில் இரண்டு மூன்று செய்திகள் என்னையும் யோசிக்க வைத்தன. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"இதை வச்சு உங்களுக்கு என்ன வேணும் தம்பி?"

"அவ ஒத்துக்கணும் மேடம்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். நான் ஏதோ விவரம் தெரியாத ஆள் என்பது போல, பொறுமையாக விளக்கினார்: "கேட்டா உஷாராயிருவா மேடம். எல்லாத்தையும் டெலீட் பண்ணிருவா."

பதினான்கு மாதம். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில். லேப்டாப்பை மூடச் சொன்னேன். மனு எழுத நான் தயார், ஆனால் இன்றைக்கு இல்லை. இன்று வீட்டுக்குப் போய் ஒரே ஒரு கேள்வியை, போன் இரண்டையும் அடுத்த அறையில் வைத்துவிட்டு, அவளிடம் கேளுங்கள் என்றேன். அவள் அழுதாலும், கத்தினாலும், பொய்யே சொன்னாலும் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். பென்டிரைவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். வந்தால், கேட்டாரா என்பதைத்தான் முதலில் கேட்பேன்.